கரையைப் பிடித்திருக்கும் வேர்கள்

ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையில் நிற்கும் நீர்மருதுகளை வேரிலிருந்து பார்க்க வேண்டும். வெள்ளம் அரித்த இடத்திலும் பின்னிப் பிணைந்து மண்ணை இறுகப் பிடித்திருக்கும். அந்த வேர்ப்பொந்துகளில் நீர்நாய் குட்டி போடும். நிழல் விழும் குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம். மீன் அங்கே ஒதுங்கும். மேலே கிளையோடு கிளை கோத்திருப்பதால் சாம்பல் நிற மலை அணில் தரையிறங்காமலே கரை நெடுகப் போய்விடும்.

எனக்கு மருதின் காலடியில் வளரும் நாணல், கோரை மேல்தான் கூடுதல் மதிப்பு. வயலிலிருந்து உரமும் வண்டலுமாக ஓடிவரும் மழைத்தண்ணீர் தண்டுகளில் மோதி வேகம் குறையும். வண்டல் படியும், அதில் ஒட்டிவந்த பாஸ்பரஸும் தங்கிவிடும். கரைந்த நைட்ரேட்டில் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சும். இதைப் போய்ப் புதர் என்று பொக்லைன் வைத்து வழித்துவிட்டு, கரைக்கு சிமெண்ட் பூசுகிறார்களே, பார்க்க வயிறு எரிகிறது.