யார் முதலில் எடுப்பது?

தர்க்க வாக்கியத்தின் பொருளை இருவர் ஆடும் ஆட்டமாக விளக்கினார் பின்லாந்துத் தத்துவ அறிஞர் யாக்கோ ஹின்டிக்கா. 1968இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் அழகு முழுக்க, யார் முதலில் ஆடுவது என்ற வரிசையில் இருக்கிறது. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையை வைத்துப் பார்க்கலாம். 'ஒவ்வொரு மூட்டையையும் வாங்க ஒரு வியாபாரியாவது இருக்கிறார்' என்கிறார் ஒருவர், இன்னொருவர் மறுக்கிறார். முதலில் ஆடுபவர் மறுப்பவர். கொடைக்கானல் மலைப்பூண்டை விட்டுவிட்டு, பல் உதிர்ந்து ஓரமாகக் கிடக்கும் மூட்டையைக் காட்டுவார். அதைப் பார்த்தபின் மற்றவர் அதற்கேற்ற ஆளைக் காட்டினால் போதும். 'எல்லா மூட்டையையும் வாங்கும் வியாபாரி ஒருவர் இருக்கிறார்' என்றாலோ, அந்த ஆளை முதலிலேயே காட்டிவிட வேண்டும். மறுப்பவர் நிதானமாகத் தேடி, அவர் தொடாத மூட்டையை எடுத்து வைப்பார். சந்தையும் சரக்கும் அப்படியே இருக்க, முறை மாறியதில் பொருள் மாறிவிட்டது. 'இல்லை' என்ற சொல்லின் வேலை இன்னும் அருமை: இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மறுப்பை இத்தனை சிக்கனமாகச் சொன்ன விளக்கம் வேறில்லை என்பேன்.

ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி உண்மையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மை தேடும் வாதத்தையும் வெற்றியே குறியான ஜல்பத்தையும் நியாய சூத்திரம் அன்றே பிரித்து வைத்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று அடுக்குவதும் வாதத்தில் பிழையான நியாயம் நுழைந்துவிடும் என்பதால்தான். நீலகேசி காப்பியத்தின் நாயகி வாதில் வெல்லும்போதெல்லாம், எதிராளி இன்னும் கெட்டிக்காரராக இருந்திருந்தால் என்ற சந்தேகம் எழத்தான் செய்கிறது. ஹின்டிக்கா அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒருமுறை ஜெயிப்பதை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எதிராளி எதை எடுத்தாலும் ஜெயிக்க ஒரு வழி வாக்கியத்தைச் சொன்னவரின் கையில் இருந்தால்தான் வாக்கியம் உண்மை.

உண்மைக்குத் தர்க்க அறிஞர் டார்ஸ்கி 1930களில் தந்த வரையறையே போதாதா, ஆட்டம் வெறும் அலங்காரம்தானே என்பது அடுத்த ஆட்சேபம். சாதாரண வாக்கியங்களில் இரண்டும் ஒரே விடையைத் தருவது உண்மைதான். ஆனால் 1989இல் ஹின்டிக்காவும் கப்ரியேல் சாண்டுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியை மறைத்துப் பார்த்தார்கள். மறுப்பவர் எடுத்த மூட்டையைப் பார்க்காமலே வியாபாரியைச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். எல்லா மூட்டைக்கும் ஆள் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் வாங்கும் ஆள் இல்லை என்றால், இருவரில் யாருக்கும் நிச்சயமான வழி கிடையாது. வாக்கியம் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. உண்மை அல்லது பொய், இரண்டில் ஒன்று என்று நாம் விதியாக நம்பியது, எல்லாம் கண்முன் நடக்கும் ஆட்டங்களின் இயல்பாக இருந்திருக்கிறது! அலங்காரத்தால் இதைக் காட்டியிருக்க முடியாது.

ஜெயிக்க வழி 'இருக்கிறது' என்றால் போதுமா, ஆடுபவர் அதை எப்படிக் கட்டுவார் என்ற கேள்விக்கு மட்டும் ஹின்டிக்காவிடம் போதிய பதில் இல்லை. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ரா. ராமானுஜம் தம் மாணவர்களோடு எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்: சிறு சிறு உத்திகளைச் சேர்த்துப் பெரிய உத்தியைக் கட்டும் விதத்தையே பேசும் தர்க்கம்.