மேன்ஹோலுக்குள் இறங்கும் பெருச்சாளி

பேண்டிகூட் என்றால் பெருச்சாளி. திருவனந்தபுரத்து ஜென்ரோபாட்டிக்ஸ் பசங்க 2018ல் களத்துக்குக் கொண்டுவந்த, பாதாளச் சாக்கடை அள்ளும் ரோபோவின் பெயர். (தெலுங்கு 'பந்திகொக்கு'தான் இங்கிலீஷில் பேண்டிகூட் ஆச்சு. வார்த்தை ஊர் திரும்பியிருக்கு.) பாராட்டி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சில கேள்விகள்.

ஸ்டாண்டு தரையிலேயே நிற்கும். காலும் கையும் உள்ள பாகம் குழிக்குள் இறங்கி, காலை விரித்து ஊன்றி, சேற்றை அள்ளும். இயக்குபவர் மேலே திரையைப் பார்த்தபடி ஓட்டுவார். சில மீட்டர் தூரம்தான், அதனால் செவ்வாய் கிரக வண்டி மாதிரி சிக்னல் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை. சிக்கல் தொடு உணர்வில் இருக்கிறது. கறுப்புத் தண்ணிக்கு அடியில் கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. செங்கல்லா, துணி மூட்டையா என்று தொழிலாளி விரலால்தான் கண்டுபிடிக்கிறார். 1940களின் கடைசியிலேயே ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ், கதிரியக்கப் பொருளைத் தூர நின்று கையாளும் இயந்திரக் கை செய்தார். அந்தப் பக்கத்து அழுத்தம் இந்தப் பக்கத்துக் கைக்கு வந்து சேரும். நான் பார்த்த பேண்டிகூட் வீடியோக்களில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த விஷயத்தில் ஐஐடி மெட்ராஸின் ஹோமோசெப் எனக்குப் பிடித்திருக்கிறது. அது செப்டிக் டேங்குக்கானது. மனிதக் கையைக் காப்பியடிக்கவில்லை. குடை மாதிரி மடங்கின பிளேடு சின்ன வாய் வழியாக உள்ளே போய் விரிந்து, இறுகின கசடைக் கலக்குகிறது. அப்புறம் பம்ப் உறிஞ்ச வேண்டியதுதான்.

2023 பட்ஜெட்டில் 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆகும் என்றார்கள். நல்லது. ஆனால் குழி ஆள் இறங்கும் அளவுக்குக் கட்டினதுதானே? ஈக்காட்டுத்தாங்கலில் அடையாற்றை ஒட்டின சந்துகளில், ரெண்டு பக்கமும் பைக் நிற்கும்போது, வண்டியில் வரும் எந்த மெஷினும் குழிக்குப் பக்கத்தில் போகட்டும் பார்க்கலாம்.

2015ல் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்களோடு, காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் விஷவாயுவில் செத்துப்போனார். ஆளை இறக்குவதை 2013லேயே சட்டம் தடை செய்தாச்சு. சாவுக்கு இழப்பீடு 10 லட்சம் என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. அதனால், எத்தனை குழி சுத்தமாச்சு என்ற கணக்கு எனக்குப் போதாது. ரோபோ வாங்கின ஒவ்வொரு மாநகராட்சியும் இன்னொன்றையும் எழுதி வைக்கட்டும்: மெஷின் உள்ளே சிக்கின நாட்கள் எத்தனை, அன்றைக்கு அதை எடுக்க யார் இறங்கினார்?