பெயர் இருக்கிறது, உரிமை எங்கே?

இலக்கியத் திறனாய்வுப் பக்கத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. நாடகம் தோன்றியபோதும், திரைப்படம் தோன்றியபோதும் இதே கேள்வியைக் கேட்டு முகம் சுளித்தவர் உண்டு! கலை எந்த உருவில் வரினும், அது யாருக்காகப் பேசுகிறது, அதன் பயன் யாரைச் சென்று சேர்கிறது என்னும் இரு கேள்விகளைக் கேட்பது பகுத்தறிவாளன் கடமை. அவ்விரு கேள்விகளையும் உரைகல்லாகக் கொண்டு, 2019 அக்டோபரில் வெளிவந்த 'டிஸ்கோ எலிசியம்' என்னும் விளையாட்டை உரைத்துப் பார்ப்போம்.

குடிவெறியில் நினைவிழந்து, தன் பெயரையும் மறந்து கண்விழிக்கிறான் ஒரு துப்பறியும் காவலன். விடுதியின் பின்புறத்தில், மரத்தில் தொங்குகிறது ஒரு பிணம். துறைமுகத்தில் தொழிலாளரின் வேலைநிறுத்தம். வாயிலிலே கருங்காலிகளின் கூட்டம். அரை நூற்றாண்டுக்கு முன் அந்நகரில் மக்கள் புரட்சி மூண்டது. அயலார் படை வந்து அதை நசுக்கியது. குண்டு துளைத்த வடுக்கள் இன்னும் சுவர்களில் இருக்கின்றன. ரெவஷோல் என்னும் அந்த நகரம் கற்பனை. அங்கு வாடும் வறுமை கற்பனையன்று! வாள் சுழற்றுவதும் துப்பாக்கி வெடிப்பதுமே விளையாட்டு என்றிருந்த உலகில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களால் இதனைக் கட்டினார்கள். இங்கே போர்க்களம் புழுதி மண்ணன்று, மனிதனின் மனச்சான்று.

கட்டியவர் யார்? எஸ்டோனியா நாட்டு இளைஞர்கள். அவருள் ஒருவரான ராபர்ட் குர்விட்ஸ், இதே கற்பனை உலகை வைத்து 2013இல் ஒரு புதினம் எழுதினார், வாங்குவார் அதிகமில்லை. சோர்ந்த நண்பர் மீண்டும் எழுந்தார். ஓவியர் அலெக்சாண்டர் ரோஸ்டோவும் எழுத்தாளர் ஹெலன் ஹிண்ட்பெரேயும் பிற தோழர்களும் உடன் உழைக்க, 'ஸா/உம்' என்னும் நிறுவனத்தின் வாயிலாக விளையாட்டு வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்காவில் நடந்த விளையாட்டு விருது விழாவில் நான்கு விருதுகள்! மேடையேறிய படைப்பாளர் மார்க்சுக்கும் ஏங்கல்சுக்கும் நன்றி கூறினர். யாருக்காகப் பேசுகிறது என்னும் முதற்கேள்வியில் இந்தப் படைப்பு தலைநிமிர்ந்து தேறியது.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். பயன் யாரைச் சேர்ந்தது?

கலைக்கு முதல் வேண்டும். முதல் தந்தவர்க்குப் பங்கு வேண்டும். பங்கு பெருத்தால் ஆட்சி அவர் கையில்! 2021இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் கைமாறின. அவ்வாண்டின் இறுதிக்குள் குர்விட்சும் ரோஸ்டோவும் ஹிண்ட்பெரேயும் வெளியே நின்றார்கள். 2022 நவம்பரில் குர்விட்சும் ரோஸ்டோவும் விடுத்த திறந்த மடலில் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று இருந்தது: நான்கு வரைவுப் படங்களை 1 பவுண்டுக்கு வாங்கி, அவற்றையே நிறுவனத்துக்கு 48 லட்சம் யூரோவுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள் என்பது. நிறுவனம் அதை மறுத்தது. அவர்கள் கடமை தவறியதாலும், உடன் பணியாற்றுவோரை இழிவாக நடத்தியதாலும் நீக்கப்பட்டனர் என்றது. வழக்குத் தொடுத்திருந்த மற்றொரு பங்காளர், அத்தொகை நிறுவனத்துக்குத் திரும்பிவிட்டது என்று கூறி 2022 டிசம்பரில் தம் வழக்கைக் கைவிட்டார்.

யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலையன்று. ஆயினும் இரு தரப்பும் மறுக்காத உண்மை ஒன்று உண்டு: அந்த உலகைப் படைத்தவர் வெளியே, அந்த உலகின் உரிமை உள்ளே! குர்விட்ஸ் தம் இளமை முதல் வளர்த்த நகரத்தைப் பற்றி அடுத்த விளையாட்டு ஆக்க வேண்டுமானால், பிறர் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும்.

ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்ட வேண்டும். 1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை ஆக்கியவர் வாரன் ராபினெட். ஆக்கியோன் பெயரைப் போடும் வழக்கம் அந்நிறுவனத்தில் இல்லை. ஆகவே விளையாட்டுக்குள்ளே ஒரு மறைவறை கட்டி, அதில் தம் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதி வைத்தார். சொந்தப் படைப்பில் சொந்தப் பெயரை ஒளித்து வைக்கும் அவலம்! இன்று அந்த அவலம் குறைந்தது. பெயர் திரையில் மின்னுகிறது. உரிமையோ பத்திரத்தில் பிறர் பெயரில் இருக்கிறது.

சொந்த நிறுவனம் நடத்தினால் இந்தத் துன்பம் இல்லை என்பார் உண்டு. உக்ரைனின் ஃப்ராக்வேர்ஸ் குழு சொந்தமாகத்தான் நடத்தியது. 'தி சிங்க்கிங் சிட்டி' என்னும் அதன் விளையாட்டை விற்கும் பொறுப்பு பிரான்சின் நாகோன் நிறுவனத்துக்கு. 2019 ஜூனில் வெளியீடு. பணம் காலத்தில் வரவில்லை, விளையாட்டின் மூல நிரலையே கேட்டார்கள் என்றது குழு. ஒரு கோடி யூரோவுக்கு மேல் முதலிட்டோம், ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்றது நிறுவனம். குழு ஒப்பந்தத்தை முறித்தது. 2020 அக்டோபரில், முறித்தது செல்லாது, வழக்கு முடியும்வரை ஒப்பந்தம் தொடரட்டும் என்றது பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2021இல் விளையாட்டு 'ஸ்டீம்' இணையக் கடையில் விற்பனைக்கு வந்தபோது, "அதை வாங்காதீர்" என்று ஆக்கியவரே மக்களிடம் வேண்டினார்! உழுதவனே தன் நெல்லை வாங்காதே என்று சந்தையில் கூவும் நிலை!

இப்போது படைப்புக்குத் திரும்புவோம். 'டிஸ்கோ எலிசியம்' பேரழகுப் படைப்பு, ஐயமில்லை. ஆனால் அதன் அழகு ஒப்பாரியின் அழகு. தோற்ற புரட்சிக்கு அது கண்ணீர் வடிக்கிறது. தொழிற்சங்கத் தலைவனைச் சூழ்ச்சிக்காரனாகத் தீட்டுகிறது. கொள்கை பேசுவோர் அனைவரையும் எள்ளி நகைக்கிறது. தோல்வியை எண்ணி உருகக் கற்றுத் தருகிறது. அடுத்த முறை தோற்காதிருக்கும் வழியைச் சொல்ல மறக்கிறது. முதலாளித்துவத்தைப் பத்து லட்சம் சொற்களால் சாடிய எழுத்து, தன் பங்குப் பத்திரத்தின் ஒரு பக்கத்திடம் தோற்றது! கருத்து சிவப்பாக இருந்தால் போதாது, தோழர்களே. கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும்.

மறந்த பாடத்தைப் பின்வந்தவர் எழுதினர். 2024இல் ஸா/உம் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. எஞ்சியிருந்த தொழிலாளர்கள் ஒப்பாரி வைக்கவில்லை, ஒன்றுகூடினார்கள். 2025இல், பிரிட்டனில் நிர்வாகத்தின் ஏற்பைப் பெற்ற முதல் விளையாட்டு நிறுவனத் தொழிற்சங்கமாக அவர்களின் சங்கம் எழுந்தது. விளையாட்டு எள்ளி நகைத்த அதே சங்கம்! அந்தப் படைப்புக்கு இதனினும் சிறந்த திறனாய்வை எந்த எழுதுகோல் எழுதும்?

எழுதும் இளைஞனே, வரையும் தங்கையே, நிரல் ஆக்கும் நண்பனே! "கலைஞனுக்குக் கணக்கு எதற்கு?" என்று உன்னிடம் கூறுபவன் உன்னைப் புகழவில்லை, உன் பையைத் துழாவுகிறான். சாத்திரத்தைப் படிக்காமல் நம்பாதே என்று கற்றோம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதே என்பதும் அதே பகுத்தறிவுதான். படித்துப் பார், கேள்வி கேள், தனியாக நிற்காதே. திரையில் மின்னும் பெயர் உனக்குப் பெருமை தரும். பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் உனக்குச் சோறு போடும். உன் படைப்பை உன்னிடம் வைத்திருக்கும்.