அரவானைத் தேர்ந்தெடுத்தவர்கள்

ஜனவரி 25, மொழிப்போர்த் தியாகிகள் நாள். வீரவணக்கக் கூட்டங்களில் சில ஆண்டுகளாக ஒரு வாதம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. தீக்குளிப்பு தமிழரின் நடுகல் மரபாம். அவிப்பலியும் நவகண்டமும் கொடுத்த இனத்தின் தொடர்ச்சியாம். நான் மதிக்கும் தமிழாசிரியர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1964-இல் திருச்சி ரயில் நிலையத்தில் தன்னை எரித்துக்கொண்ட கீழப்பழுவூர் சின்னச்சாமியும், மறு ஆண்டு அதே வழியில் போன கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் பதவிக்கோ பணத்துக்கோ சாகவில்லை. 1965 மாணவர் எழுச்சிக்கு அந்தப் பெயர்கள் ஊட்டிய உணர்ச்சியையும் யாரும் மறுக்க முடியாது. அந்த வாதத்துக்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்.

நடுகல்லை இதில் இழுப்பது பிழை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல், ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. செங்கம் பக்கத்துக் கற்களிலும் பெரும்பாலும் அதே சேதிதான்: தொறு மீட்டான், பட்டான். அவன் மாட்டை மீட்கப் போனான், சாகப் போகவில்லை. பிழைத்துத் திரும்பியிருந்தால் ஊரே கொண்டாடியிருக்கும். உயிரைப் பணயம் வைப்பது ஒன்று, உயிரையே காணிக்கையாக வைப்பது வேறு. இரண்டையும் 'தியாகம்' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம்.

அவிப்பலியும் நவகண்டமும் பொருத்தமான முன்னோடிகள்தான். எனக்குப் பயம் தருவதே அந்தப் பொருத்தம்தான். அரசனின் வெற்றிக்காக வீரன் கொற்றவை முன் தன் தலையைத் தானே அரிந்து வைத்தான். தலை போனது வீரனுக்கு, வெற்றி வந்தது அரசனுக்கு. தெய்வம் நடுவில் சாட்சி.

கூத்தில் வரும் அரவான் களப்பலியை இதைவிட நேர்மையான கதை என்பேன். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்கள் பாண்டவர் பக்கத்தில் மூன்றே பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். கிருஷ்ணன் போனால் போரை நடத்த ஆளில்லை. அர்ச்சுனன் போனால் வில்லெடுக்க ஆளில்லை. நாககன்னி வயிற்றில் பிறந்த பிள்ளை போனால் யாருக்கும் நட்டமில்லை. கதை இதை ஒளிக்கவில்லை. பலிக்குத் தகுதி மூவருக்கும் இருந்தது; இழக்கத் தக்கவன் ஒருவன் என்று தேர்ந்தெடுத்தவர்கள் மற்றவர்கள். சித்திரையில் கூவாகத்தில் அவனுக்காகத் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுகிறவர்கள் திருநங்கைகள். ஆதாயம் அடைந்த பாண்டவர் தரப்பில் அந்த அழுகை இல்லை.

என் நெடுநாள் மறுப்பு இதுதான். நம் அரசியலில் உயிரைக் கொடுப்பவன் எப்போதும் அரவான். தீக்குளித்தவர்களின் பெயர்களை எடுத்துப் பாருங்கள். எளிய தொண்டர்கள், கூலித் தொழிலாளிகள், வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்கள். ஒரு மாவட்டச் செயலாளர் உண்டா? ஒரு சட்டமன்ற உறுப்பினர்? தியாகத்தை இவ்வளவு உயர்வாகப் பேசும் மேடை, அதை ஏன் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கே விட்டுவைக்கிறது? சோழர் காலத்தில் தியாகம் என்றால் கொடை. விக்கிரம சோழனுக்குத் 'தியாகசமுத்திரம்' என்று பட்டம். இருப்பவன் கொடுத்தான், இல்லாதவன் வாங்கினான். இன்று இல்லாதவன் தன்னிடம் மிஞ்சிய ஒன்றையும் கொடுக்கிறான், இருப்பவன் வாங்கிக்கொள்கிறான்.

2009 ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன்னால், ஈழப் போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் எரிந்தார். தெளிவாக யோசித்து எழுதிய நீண்ட கடிதம் வைத்திருந்தார். தன் உடலைப் போராட்டத்துக்குப் பயன்படுத்தக் கேட்டிருந்தார். மூன்றாம் நாள் மூலக்கொத்தளத்தில் எரித்தாகிவிட்டது. கல்லூரிகளை அரசு மூடியது. மே மாதத் தேர்தலில், அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடந்த கட்சிகள் எதிரெதிர்க் கூட்டணிகளில் நின்று ஓட்டுக் கேட்டன. அதே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஓர் உயிரை வாங்கிக்கொண்டவர்கள் ஒரு கூட்டணியைக்கூட அதற்கு ஈடாக விடவில்லை.

2016 டிசம்பரில் நடந்தது இன்னும் கேவலம். முதலமைச்சர் இறந்த துக்கத்தில் மாண்டவர்கள் என்று 77 பேர் பட்டியலை அவர் கட்சியே வெளியிட்டு, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. விரலை வெட்டிக்கொண்டவருக்கு 50,000 ரூபாய். அந்தக் காலத்து உதிரப்பட்டி மானியம்தானே இது என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். மாடு மீட்டவன் வீட்டுக்குக் கொடுத்த நிலமும் இதுவும் ஒன்றாகாது. தொகை முன்கூட்டியே தெரிந்த இடத்தில், கடனில் மூழ்கியவன் என்ன கணக்குப் போடுவான் என்று அறிவித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். இதே மாநிலம் 2003-இல் கோயிலில் ஆடு, கோழி வெட்டக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. எதிர்ப்பு வந்ததும் மறு ஆண்டு அதை நீக்கியது. ஆட்டுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைத் தொண்டனுக்குக் காட்டியிருக்கலாம்.

நான் போன ஒரு கூட்டத்தில், தியாகியின் குடும்பம் என்று ஒரு வயதான அம்மாவை மேடையேற்றினார்கள். பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா நெகிழி நாற்காலியில் உட்கார்ந்து பொன்னாடையை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். கடைசிவரை அவரிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை.

2011 ஆகஸ்டில் பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் தூக்கை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் செங்கொடி எரிந்து மாண்டார். அந்தப் பெண்ணின் மனதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தூக்குக்குத் தடை கிடைத்தது உயர் நீதிமன்றத்தில், மனுப் போட்டு, வாதாடி. பேரறிவாளனை 2022 மே 18 அன்று விடுவித்தது உச்ச நீதிமன்றம். 31 ஆண்டுகள் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் தலைவர்கள் வீட்டுக்குமாக நடந்தவர் அவருடைய தாய் அற்புதம்மாள்.

அடுத்த ஜனவரி 25 அன்று மைக் பிடிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: இனி எவரும் இதற்காகச் சாகக் கூடாது, செத்தால் அந்தப் படத்தை இந்த மேடையில் வைக்க மாட்டோம்.