ஏதோ இருக்கேன்

பாட்டியிடம் 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏதோ இருக்கேன்டா' என்பாள். ரத்தப் பரிசோதனையில் சகலமும் சரியாக இருந்தாலும் இதே பதில்தான். 'ஜோரா இருக்கேன்' என்றால் கண் பட்டுவிடும். 'முடியலை' என்றால் மருமகள் முகம் மாறும். நடுவே பத்திரமாக ஒரு 'ஏதோ'.

இந்த ஒற்றைக் கேள்வியை விஞ்ஞானிகள் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் 1971-ல், 65 வயது தாண்டிய மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் 'உங்கள் வயசுக்கு உடம்பு எப்படி?' என்று கேட்டுவிட்டு, அடுத்த சில வருஷங்களில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். மோஸ்ஸி, ஷபிரோ என்ற இருவர் 1982-ல் வெளியிட்ட முடிவு: 'மோசம்' என்றவர்கள் இறக்கும் அபாயம், 'பிரமாதம்' என்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. வயசையும் மருத்துவ ரெகார்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகும்! 1997-ல் இட்லர், பென்யாமினி இருவரும் இதே மாதிரி 27 ஆய்வுகளைப் புரட்டினார்கள். பெரும்பாலானவற்றில் இதே கதை.

உடனே உபதேசிகள் கிளம்பிவிட்டார்கள். 'பாஸிட்டிவாக நினையுங்கள், ஹாபி வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசு கெட்டி' என்று. எனக்கு இரண்டு ஆட்சேபணைகள்.

ஒன்று: தினம் பார்க்கில் நடக்கிற பெரியவர் 'நல்லா இருக்கேன்' என்கிறார். நடப்பதால் நன்றாக இருக்கிறாரா, முழங்கால் நன்றாக இருப்பதால் நடக்கிறாரா? கேள்வித்தாளை வைத்துக்கொண்டு இதைப் பிரிப்பது லேசில்லை.

இரண்டு: அமர்த்தியா சென் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பிகாரைவிடக் கேரளத்தில் ஆயுள் அதிகம். ஆனால், 'எனக்கு வியாதி' என்று சொல்கிறவர்களும் கேரளத்தில்தான் அதிகம்! படித்து, ஆஸ்பத்திரியைப் பார்த்தவருக்குத்தான் வியாதி வியாதியாகத் தெரிகிறது. மற்றவருக்கு மூட்டுவலி 'வயசானா வர்றதுதானே'. ஒரே ஊருக்குள் ஆயுளைச் சொல்கிற கேள்வி, ஊரையும் ஊரையும் ஒப்பிடும்போது காலை வாரிவிடுகிறது. இந்தியாவில் 2017-18-ல் 45 வயது தாண்டியவர்கள், அவர்களின் கணவன்-மனைவி என எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய 'லாஸி' கணக்கெடுப்பிலும் இந்தக் கேள்வி உண்டு. 'நல்லா இருக்கேன்' என்ற ஊருக்கு டாக்டர் எதற்கு என்று யாராவது முடிவெடுத்தால் போச்சு.

அப்படியானால் பொழுதுபோக்குக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையா? எலன் லாங்கர், ஜூடித் ரோடின் 1976-ல் எழுதிய பரிசோதனையைப் பாருங்கள். கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடிக்காரர்களிடம் 'உங்கள் விஷயங்களை நீங்களே தீர்மானியுங்கள்' என்று சொல்லி, ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றுவது அவரவர் பொறுப்பு. இன்னொரு மாடிக்கும் செடி உண்டு, தண்ணீர் மட்டும் நர்ஸ் ஊற்றுவார். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் ஆகியிருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அவர்களில் சாவும் பாதியாக இருந்ததாகச் சொன்னது இரண்டாவது கட்டுரை. அந்தச் சாவுக் கணக்குக்குப் பிறகு ஒரு திருத்தமும் வந்தது. ஆட்களும் நூற்றுக்குக் குறைவு. எனவே 'செடி வளர்த்தால் சாவு வராது' என்று கிளம்பிவிடாதீர்கள். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: செடி இரண்டு மாடியிலும் இருந்தது, பொறுப்பு ஒரு மாடியில்தான்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவது மாடி. 'நீங்க சும்மா உக்காருங்கப்பா' என்று பாங்க் வேலை, காய்கறிப் பை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு டி.வி. ரிமோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பாட்டிக்கு அதுவும் கிடையாது. பேரனைப் பார்த்துக்கொள்வதை அவளுடைய பொழுதுபோக்கு என்று நாமே எழுதிக்கொள்கிறோம். அவளைக் கேட்டோமா?

அடுத்த தடவை ஊருக்கு போன் செய்யும்போது உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். 'நேத்து உனக்காக என்ன பண்ணினே?' என்று கேளுங்கள். 'ஒண்ணுமில்லையே' என்று பதில் வந்தால், அதற்கு மாத்திரை கிடையாது. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.