எட்டுப் பசுவும் ஒரு கண்ணாடியும்

பிள்ளைகளுடன் இருந்து பார்க்கத்தக்க படம் எது என்னும் வினாவுக்குப் பொதுவாக இறுக்கப்படும் விடை எதிர்மறையானது. இழிசொல் இல்லை, குருதி இல்லை, உடையில் ஒழுக்கக்கேடு இல்லை. ஆகவே படம் நல்லது. இல்லாதவற்றை எண்ணி முடித்தபின், உள்ளது யாது என்று வினவுவார் அரியர். இந்நிலையைத் தெளிவாகக் காண்பதற்கு அமெரிக்க மோர்மன் சமூகத்தின் திரைப்படங்கள் பெரிதும் துணைபுரிவன.

1830 இல் யோசேப்பு சிமித் என்பவரால் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் யூற்றாவில் வேரூன்றிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினரே மோர்மன்கள் என வழங்கப்படுவர். குடும்பத்தைச் சமயவாழ்வின் நடுவிடமாகக் கொண்ட இவர்கள் திரைப்படத்தை வெறுத்தொதுக்கினாரல்லர், சலித்தெடுத்து ஏற்றனர். 17 வயதுக்குட்பட்டோர் பெரியோர் துணையின்றிப் பார்த்தலாகாது எனத் தரமிடப்பட்ட ‘ஆர்’ வகைப் படங்களை அறவே பார்க்க வேண்டாமென 1986 இல் சபைத் தலைவர் எஸ்றா தாவ்ற் பென்சன் இளைஞருக்கு அறிவுறுத்தினார். ஹொலிவூட் படங்களில் ஆகாத பகுதிகளை வெட்டி நீக்கி விற்கும் வணிகமொன்றும் யூற்றாவில் தழைத்தது. 2006 இல் கொலராடோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அது பதிப்புரிமைக்கு மாறானது எனத் தீர்த்தது. கத்தரிக்கோல் காட்சியை நீக்கவல்லது. கதையின் நீதியை அது தொடுவதில்லை.

வெட்டுதற்குரிய காட்சி ஒன்றேனும் இல்லாத படம் ‘ஜோனி லிங்கோ’. பிறிகாம் யங் பல்கலைக்கழகத்தின் படப்பிடிப்பு நிலையம் 1969 இல் ஆக்கிய இக்குறும்படத்தை மோர்மன் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வளர்ந்தனர். துப்பறியுங் கதைகள் எழுதிய பற்றீசியா மக்கேர் 1965 இல் வெளியிட்ட சிறுகதையே இதற்கு மூலம்.

கதை நிகழ்வது தென்கடற் றீவொன்றில். அங்கே பெண்ணைக் கொள்வோர் அவள் தந்தைக்குப் பசுக்களைப் பரிசமாகக் கொடுப்பர். மகானா என்பவள் அழகற்றவள் என்று பெற்ற தந்தையாலேயே இகழப்படுபவள். நாணி மரத்தில் ஏறி ஒளிபவள். செல்வனும் பேரம் பேசுதலில் வல்லவனுமாகிய ஜோனி லிங்கோ அவளை நாடி வருகின்றான். தந்தை மூன்று பசு கேட்க ஊரார் நகைக்கின்றனர். மூன்று போதாதென்று சொல்லி எட்டுப் பசுக்களைக் கொடுத்து அவளை மணக்கின்றான் அவன். சின்னாள் கழித்து அவ்வூர்க் கடைக்காரர் ஹரிஸ் அவளைக் காணுங்கால், எதிரே நிற்பவள் பேரழகி. ஒருவரை மதிப்புடையவராக நடத்தினால் அவர் அம்மதிப்புக்கேற்ப உயர்வர் என்பதே படம் புகட்டக் கருதிய நீதி. அக்கருத்து நல்லதே. இகழ்ந்து வளர்க்கப்பட்ட பிள்ளை குன்றிப்போவதை அறியாத ஆசிரியர் இல்லை.

ஆயின் கதை அந்நீதியை நிறுவும் வழியே ஐயத்துக்குரியது. தன் செயலுக்கு ஜோனி கூறும் காரணத்தை உற்றுநோக்குதல் வேண்டும். பெண்கள் கூடுமிடத்தில் ஒருத்தி தன் விலை நான்கென்பாள், மற்றொருத்தி ஆறென்பாள்; ஒரு பசுவுக்குக் கொள்ளப்பட்டவள் அவ்விடத்து என்ன நினைப்பாள் என்று அவன் இரங்குகின்றான். இரக்கம் உண்மையானதே. அவன் கண்ட மருந்தோ, மகானாவை எல்லார்க்கும் மேலாக ஏற்றிவைப்பது. அவள் எட்டானமையால் நேற்றுவரை பெருமைக்குரியதாயிருந்த ஐந்து இன்று சிறுத்துவிடுகின்றது. ஒரு பசுப் பெண்ணின் துயர் அத்தீவில் ஒழியவில்லை. இடம் மாறியதே உண்டு. பெண்ணுக்கு விலை கூறுதல் தகுமோ என்னும் கேள்வியைப் படத்தில் ஒருவரும் எழுப்பவில்லை. அவ்வளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உச்சியில் நின்று வெற்றி காண்பதே அன்பு எனக் காட்டப்படுகின்றது.

மேலும், உள்ளத்தின் உயர்வைப் பேசும் படம் சான்றாகக் கொணர்வது முகத்தின் அழகை. ஜோனி தருவித்த கைக்கண்ணாடி அவனது தற்பெருமைக்கென்று கடைக்காரர் கருதியிருந்தார். அது மகானாவுக்கு என்பது பின்னர் தெரிகிறது. நயமான திருப்பந்தான். எனினும் அவள் அழகியாக மாறாது அறிவும் துணிவும் மட்டும் பெற்றிருப்பின் கடைக்காரர் வியந்திருப்பாரோ? பேசுவோர் எல்லாம் பிறர். தன்னைக் குறித்த பேரம் நடக்கையில் மகானாவின் விருப்பத்தைக் கேட்பார் இல்லை. மோர்மன் இல்லங்களில் ‘எட்டுப் பசு மனைவி’ என்பது பாராட்டுச் சொல்லாகவே வழங்கலாயிற்று.

மாடு பொலினீசியத் தீவுகளுக்கு ஐரோப்பியர் கப்பல்களில் வந்து சேர்ந்த விலங்கு. ஆகவே படம் காட்டும் பரிசம் அத்தீவினரின் தொல்வழக்கு அன்று, அயலார் கற்பனை. 1844 முதல் மோர்மன் போதகர் சென்று பணிபுரிந்த பகுதி அது. தொங்கா, சமோவா ஆகிய நாடுகளில் அச்சபையினர் பலர் உளர். தம் முன்னோர் பெண்டிரை மாட்டுக்கு விற்றனர் என்று அப்பிள்ளைகளும் இப்படத்தில் கற்றிருப்பர்.

1963 இல் வந்த ‘வானத்தின் பலகணிகள்’ என்னும் படத்திலும் இக்கணக்கு மனப்பான்மை உண்டு. 1899 இல் யூற்றாவின் தென்பகுதியில் வறட்சியுற்ற மக்கள், சபைத் தலைவர் லொறன்சோ சினோவின் சொற்கேட்டுப் பத்திலொரு பங்கைக் காணிக்கை செலுத்த, மழை வருகின்றது. கொடுத்தும் மழை காணாத உழவனின் பிள்ளை அப்படத்தினின்று எதைக் கற்கும்?

இத்தகைய கதையன்றி வேறு கதை அந்நிலையத்தாருக்கு வாராது என்பதற்கில்லை. 1973 இல் அவர்கள் ஆக்கிய ‘பனியில் ஒரு சுழியம்’ இதற்குச் சான்று. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய சிறுவன் பனியில் வீழ்ந்து இறக்கின்றான். தன்னை அவன் விருப்பத்துக்குரிய ஆசிரியராகக் குறித்திருந்தான் என்றறிந்த ஒருவர், அவனைத் தாம் அறிந்திலரே என்று பழைய பதிவேடுகளைப் புரட்டுகின்றார். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளே அவனைச் சிறிது சிறிதாகச் சுழியமாக்கியமை அங்கே தெரிகின்றது. ஜோனி லிங்கோவின் கருப்பொருளே இதற்கும் கரு. ஆயின் இங்கே எவரும் விலை கொடுத்து எவரையும் உயர்த்தவில்லை. பிள்ளை அழகனாகித் திரும்பவுமில்லை. மதிப்பிட்டவர்களின் கைகளையே படம் சுட்டுகின்றது. மகானாவைச் சூழ நின்று எண்ணிக்கை பேசியோரை நோக்கி அத்தகைய பார்வை ஒருகணமேனும் திரும்பியிருப்பின், எட்டுப் பசுக்களும் கதைக்கு வேண்டியிரா.