வாயில்களும் வழிகளும்: ‘பஞ்சமர்’ நாவலை முன்வைத்து

அகிம்சையா, ஆயுதமா என்று வாதிடுவோர் அவ்வழி யாருடைய விலங்கை உடைக்கிறது என்று கேட்க மறந்துவிடுகின்றனர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலை மதிப்பிட முற்படும் நாம் அக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தனிச் சிங்களச் சட்டத்தின் அமுலாக்கத்தை எதிர்த்து 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக் கச்சேரிக்கும் பரவிற்று. ஏப்ரலில் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்த அரசு, இராணுவத்தை ஏவி அதனை நசுக்கிற்று. அம்மக்களின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அரசின் வாயிலை மறித்து நின்ற சமூகம், தன் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் ஒடுக்கப்பட்டோருக்கு மூடியே வைத்திருந்தது. சாதித் தடைகளைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டமும் ஏட்டளவிலேயே கிடந்தது.

அவ்வாயில்களைத் திறக்கவே 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் அமைதியாக அமர்ந்தனர். சங்கானையில் தாக்க வந்தோரை எதிர்த்து நின்றனர். அகிம்சையும் பதிலடியும் ஒரே மக்களின் இரு கரங்களாயின. அவ்வியக்கத்தில் தாமே பங்கேற்ற டானியல், அடிபட்டவனின் கை ஏன் உயர்ந்தது என்பதை உள்ளிருந்து காட்டுகிறார். பாத்திரங்கள் சிற்சில இடங்களில் கருத்தின் ஊதுகுழல்களாகிவிடுவது குறையே. எனினும் நாவலின் உண்மையை அது மறைத்துவிடவில்லை.

ஆனால் யாழ்ப்பாணமே ஈழமன்று. உன்னிச்சைக் குளத்து நீரில் நெல் விளையும் மட்டக்களப்பில் ஒடுக்குமுறைக்கு வேறு முகமுண்டு. அங்கே நிலம் போடியாருடையது, உழைப்பு முல்லைக்காரனுடையது. 1961இன் கோரிக்கை மொழி. முல்லைக்காரனின் நிலம் அதில் இடம்பெறவில்லை. பின்னர் வந்த ஆயுதமும் அவனுக்கு நிலம் தரவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் கொன்றனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவரை இராணுவம் கொன்றது. அரசின் துப்பாக்கி அரசைக் காத்தது. விடுதலையின் பேரால் ஏந்திய துப்பாக்கியோ அண்டை உழவனையே பகைவனாக்கிற்று.

ஆகவே, கையில் ஆயுதம் உண்டா இல்லையா என்பது மட்டும் ஒரு போராட்டத்தின் உரைகல்லாகாது. அது எவரை மக்களாகக் கருதுகிறது, எவரை வெளியே நிறுத்துகிறது என்பதே உரைகல். ‘பஞ்சமர்’ இச்சோதனையில் வெல்கிறது. அதே நேர்மையோடு, தமிழ் உழவனையும் முஸ்லிம் உழவனையும் ஒருங்கே நிறுத்தி மட்டக்களப்பு வயல்வெளியை எழுதும் நாவலை நாம் இளம் எழுத்தாளர்களிடம் கேட்கிறோம்.